மண்டைக்காட்டுப் பக்கம் நான் இறக்கிய குழாய்

தண்ணீரைப் பற்றிக் கோயம்புத்தூர்க்காரனுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்ற திமிரோடுதான் நான் ஆரல்வாய்மொழியைத் தாண்டினேன். எங்கள் பக்கம் பாறையை வெட்டி, வெடி வைத்து, எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற ஆழத்தில்தான் தண்ணீர் கிடைக்கும். கிடைக்காவிட்டால் இன்னும் கீழே போவோம். அப்படிப்பட்ட கிணறுகளில் குழாய் இறக்கிப் பம்பு மாட்டுவது என் தொழில். இருபது வருஷமாக அதே வேலை. கீழே போனவன் கெட்டதில்லை என்பது எனக்கு வேதவாக்கு மாதிரி.

என்னை அனுப்பியவர் பொன்னையா அண்ணாச்சி. கோயம்புத்தூரில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். சொந்த ஊர் மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் கடலோரத்து ஊர். அங்கே அவருடைய ஒரே தங்கை செல்லத்தங்கம் தனியாக இருந்தாள். அவள் புருஷனுக்கு மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் வேலை. ஓணம், பொங்கலுக்குத்தான் வருவான்.

"போன வருசம் ஏழாம் மாசத்துல, இடுப்புல குடத்தோட மணல்மேட்டுல விழுந்துட்டா. பிள்ளை தங்கல்லே" என்றார் அண்ணாச்சி. "இப்ப மறுபடியும் ஆறு மாசம். இனி அவ இடுப்புல குடம் ஏறப்பிடாது மேஸ்திரி. வாசல்ல ஒரு அடிபம்பு போட்டுக் குடுத்திட்டு வாரும்." பணத்தை எண்ணி என் கையில் வைத்தார். "அதுக்கென்னங்க, போட்டுட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் குழாய்களைக் கட்டினேன்.

அப்போது திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நம் நாட்டுக்குள்ளேயே போகிறோம் என்றாலும் அயல்நாட்டுக்குள் நுழைகிற மாதிரிதான் இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அரிசி கடத்துகிறவர்களைப் பிடிக்கச் சோதனை. ஓர் உத்தியோகஸ்தர் என் குழாய்களைப் பார்த்ததும் உஷாராகிவிட்டார். உள்ளே அரிசியை அடைத்திருப்பேனோ என்று ஒவ்வொரு குழாயையும் கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தார். அதற்குள் அந்த ஊர்க் காற்று என் தோளில் கிடந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. வந்ததும் வராததுமாக ஒரு துண்டு நஷ்டம்.

கணவாயைத் தாண்டினால் ஒரே பச்சை. ஒரு குளம் முடிந்தால் அடுத்த குளம், நடுவே கால்வாய், கால்வாய்க் கரையில் வாழை. மாசி மாதம், கும்பப்பூ அறுவடை நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஒரு குடம் தண்ணீருக்கு மாடு கவலை ஏற்றம் இழுக்கிறது. இங்கே எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் படுத்து அசைபோடுகின்றன. பக்கத்தில் இருந்தவரிடம், "இந்த ஊருக்கு எதுக்குங்க பம்பு?" என்று கேட்டே விட்டேன். அவர் என் 'ங்க'வுக்குச் சிரித்துவிட்டு, "இது நாஞ்சில் நாடு. நீங்க போறது கடலோரம். அங்க கால்வா எட்டாது, வெறும் மணலு" என்றார்.

தக்கலையைத் தாண்டி ஒரு வளைவில் பஸ் மேலே கட்டியிருந்த கயிறு அறுந்து, குழாய்கள் தடதடவென்று ரோட்டில் விழுந்தன. கண்டக்டர் பதறவே இல்லை. "எண்ணே, உம்ம சாமான் உமக்கு முன்னாடியே எறங்கியாச்சு" என்றார். இறங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஒன்று நெளிந்திருந்தது. பயணிகளுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

கடைசி இரண்டு மைல் மாட்டுவண்டி. மணலில் சக்கரம் புதைந்து, மாடு மேற்கொண்டு ஒரு எட்டு எடுத்துவைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. குழாய்களைத் தோளில் சுமந்து இரண்டு நடையாக ஊருக்குள் கொண்டு சேர்த்தேன். செல்லத்தங்கம் மரச்சீனிக் கிழங்கை அவித்து, சாளைமீன் கறி ஊற்றி முன்னால் வைத்தாள். எங்கள் ஊரில் அதைக் குச்சிக்கிழங்கு என்போம். பஞ்சம் வந்தால்தான் தின்போம். அன்றைக்கு மூன்று தடவை வாங்கித் தின்றேன். குடிக்க அவள் கொடுத்தது அரைச் செம்புத் தண்ணீர். இன்னும் கொஞ்சம் கேட்டபோது, "வெள்ளம் நாளைக்குத் தாறேன் எண்ணே" என்றாள். எங்களுக்கு வெள்ளம் என்றால் ஆறு பெருகி வருவது. இவர்கள் குடிக்கிற தண்ணீரைச் சொல்கிறார்கள். அரைச் செம்புக்கு அவ்வளவு பெரிய பெயரா என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போனேன். மணல்மேட்டை ஏறி இறங்கினால் ஒரு பள்ளம். பள்ளத்தின் நடுவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. அதைத்தான் ஊத்து என்கிறார்கள். அந்தப் பக்கம் அலைச்சத்தம் கேட்கிறது. இந்தப் பக்கம் குழியில் இளநீர் மாதிரித் தண்ணீர் கசிந்து நிற்கிறது. ஒருத்தி குந்தியிருந்து தேங்காய்ச் சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தில் விடுகிறாள். பின்னால் பத்துப் பதினைந்து பேர் காலி குடங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். செல்லத்தங்கம் தன் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு கடைசியில் இருந்தாள். அவள் முறை வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "வாளியைப் போட்டு மொண்டா அஞ்சு நிமிசத்துல முடியுமேங்க. சிரட்டையில எதுக்குங்க இந்தக் கூத்து?" என்றேன். எல்லோரும் என்னை, கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

இசக்கியம்மை என்ற பெண்தான் பதில் சொன்னாள். செல்லத்தங்கத்துக்குப் பக்கத்து வீடு. என் வயதுதான் இருக்கும். அந்த ஊத்துக்கு முறை வைப்பது அவள்தான். "இதுக்குள்ள இரும்பு எறங்கப்பிடாது மேஸ்திரி. சிரட்டைதான். வீட்டுக்கு ரெண்டு குடம். மூணு வீடு எடுத்தா கொஞ்சநேரம் ஊத்தைச் சும்மா விடணும். உச்சிக்குப் பெறவு ஓலையப் போட்டு மூடிருவோம்."

"அம்மன் கோவிச்சுக்குமா?" என்று கிண்டலாகக் கேட்டேன். "கடலு கோவிக்கும்" என்றாள் அவள். அதையும் சாமி சமாசாரம் என்றே எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் மனதுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். ஒரு குடம் தண்ணீருக்கு அரை நாளைக் கொடுக்கிறார்களே என்று பரிதாபமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் செல்லத்தங்கத்தின் வாசலில் துளை போட ஆரம்பித்தேன். வாசலுக்கும் ஊத்துக்கும் நடுவே அந்த ஒரு மணல்மேடுதான். ஊரில் இரண்டு ஆட்கள் துணைக்கு வந்தார்கள். பாறையைக் குடைந்து பழகிய கைக்கு மணல் ஒரு வேலையா? பன்னிரண்டு அடியிலேயே ஈரம் வந்து, குழாயில் நல்ல தண்ணீர் ஏறியது. ஆனால் ஊறுவது மெதுவாக இருந்தது. பம்பை வைத்துச் சோதித்தபோது, நாலு தடவை அடித்தால் நின்று, மறுபடி ஊற வேண்டியிருந்தது.

வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த இசக்கியம்மை கிட்டே வந்தாள். "போதும் மேஸ்திரி. இதுக்கு மேல போகாதீங்க."

"ஏனுங்க?"

"அடியில கடலு கெடக்கு. மேல மிதக்க நல்ல வெள்ளத்தைத்தான் நாங்க வழிச்சு எடுக்கோம். ஆழமா உறிஞ்சினா அது ஏறி வந்திரும்."

எங்கள் கிணறுகளைப் பற்றி அவளுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். ஆழம் போகப்போகத்தான் தண்ணீர் சுத்தம் என்றேன். மேல்தண்ணீரில்தான் அழுக்கும் உப்பும் என்றேன். இருபது வருஷ அனுபவம் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். "உங்க ஊருல கடலு உண்டா?" என்றாள். இல்லை என்றேன். திரும்பி வேலியோரமாகப் போய்விட்டாள். நான் முப்பது அடி வரை இறக்கினேன்.

நாலாம் நாள் பம்பு மாட்டி அடித்தேன். முதலில் கலங்கல், பிறகு பளிங்கு. குடத்தை வைத்தால் நான் பீடி பற்றவைப்பதற்குள் நிறைந்து வழிந்தது. செல்லத்தங்கம் கையால் ஏந்திக் குடித்துவிட்டு முகத்தைக் கழுவினாள். பிறகு கைகளை, கால்களை, பிறகு வாசற்படியைக் கழுவினாள். "முகத்துக்கு இவ்வளவு வெள்ளம் ஊத்தி வருசமாச்சு எண்ணே" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க அண்ணாச்சி பக்கத்தில் இல்லையே என்று வருத்தப்பட்டேன். ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். முறை இல்லை, சிரட்டை இல்லை, வீட்டுக்கு இத்தனை குடம் என்ற கணக்கும் இல்லை. இசக்கியம்மை மட்டும் கடைசியாக வந்து ஒரு குடம் பிடித்தாள். வாயில் விட்டுப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்றே கிளம்பியிருக்கலாம். மண்டைக்காட்டுப் பகவதி கோயிலில் மாசிக்கொடைத் திருவிழா தொடங்கியிருந்தது. பார்த்துவிட்டுப் போகலாமே என்று ஆசை. மேற்கே இருந்தெல்லாம் பெண்கள் தலையில் இருமுடியோடு கூட்டம் கூட்டமாக நடந்து வந்தார்கள். நானும் ஒருநாள் போய்ப் பகவதியைக் கும்பிட்டேன். தலைவலி போக நேர்ந்துகொண்டு படைக்கிற மண்டையப்பம் கிடைத்தது. ஆவியில் வெந்து, பயறும் வெல்லமும் மணக்க நன்றாக இருந்தது. எனக்குத் தலைவலி இல்லை என்றேன். கொடுத்தவள், "இல்லேன்னா இனி வரும், தின்னும்" என்றாள். சிரித்துக்கொண்டே தின்றேன்.

செல்லத்தங்கத்தின் வீடு பாதை ஓரம். வெயிலில் வந்த கூட்டத்துக்குப் பம்பு கண்ணில் பட்டது. முதலில் நாலு பேர் குடித்தார்கள், பிறகு நாற்பது பேர். குளித்தார்கள், துணி அலசினார்கள், வண்டி மாட்டுக்குத் தொட்டியில் ரொப்பினார்கள். கைப்பிடி ஓயவே இல்லை. தாகம் என்று வந்த பக்தைக்குத் தண்ணீர் இல்லை என்று அந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொல்லலாம் என்றுகூட அவர்களுக்குத் தோன்றாது. செல்லத்தங்கம் வாசலில் நின்று, "குடியுங்கோ, நல்லாக் குடியுங்கோ" என்று உபசரித்தாள். நான் பக்கத்தில் ஓலைப்பாயைப் போட்டு உட்கார்ந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இது நான் போட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தால் கூசுகிறது.

ஏழாம் நாள் இசக்கியம்மை வந்து, ஊத்து வற்றிவிட்டது என்றாள். போய்ப் பார்த்தேன். குழியில் ஈர மணல் மட்டும் இருந்தது. "இனி அது எதுக்குங்க, அதான் பம்பு இருக்கே" என்றேன். அவள் குழியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் செல்லத்தங்கம் போட்டுத் தந்த கருப்பட்டிக் காப்பியை வாயில் வைத்தேன். ஒரு மாதிரி ருசி மாறி இருந்தது. பாத்திரம் சரியாகக் கழுவவில்லை போலும் என்று பேசாமல் இருந்தேன். மத்தியானம் கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டதாக அவள் சொன்னாள். ஆனால் கஞ்சி கரித்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எழுந்து போய்ப் பம்பை அடித்துக் கையில் ஏந்திக் குடித்தேன். துப்பிவிட்டு மறுபடி அடித்தேன். நூறு தடவை, இருநூறு தடவை அடித்தேன். அடிக்க அடிக்க உப்பு கூடியது. கேட்டுக்கொண்டிருந்த அலைச்சத்தம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

குழாயை உருவிப் பன்னிரண்டு அடிக்கு ஏற்றிப் பார்த்தேன். அங்கேயும் உப்பு. மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஊத்தைக் கையால் இன்னும் ஒரு முழம் தோண்டியிருந்தார்கள். தண்ணீர் கசிந்திருந்தது. இசக்கியம்மை சிரட்டையில் எடுத்து என்னிடம் நீட்டினாள். குடித்தேன். அதுவும் கரித்தது. இத்தனை வருஷம் சிரட்டை சிரட்டையாகக் காப்பாற்றி வைத்திருந்ததை ஐந்தாறு நாளில் நான் குடிக்க முடியாமல் செய்துவிட்டேன்.

யாராவது என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "எப்பங்க மறுபடி நல்லாகும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மழைக்காலம் போணும். இல்லே மூணு. ஆருக்குத் தெரியும்?" என்றாள் இசக்கியம்மை. ஓலையை எடுத்து அந்தக் குழியை எப்போதும்போல மூடினாள்.

அன்று மாலை அண்ணாச்சியிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. செல்லத்தங்கத்துக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துச் சொன்னேன். பம்பு சரிவந்தால் மிகவும் சந்தோஷம், சரிவராவிட்டால் யோசிக்காமல் தங்கையைக் கையோடு கோயம்புத்தூருக்கு அழைத்து வந்துவிடவும், பிரசவம் இங்கேயே ஆகட்டும், இங்கே வீட்டுக்குள் குழாய் இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

எனக்கு உயிர் வந்தது. "மொதல்ல துணியக் கட்டுங்க, காலையில பஸ்ஸுக்குப் போயிரலாம்" என்றேன்.

"நான் வரல்லே எண்ணே."

"ஏனுங்க? இனிக் கால்வாய்க்குத்தானே போகோணும்? ரெண்டு மைல். இந்த வயித்தோட எப்படிங்க குடம் தூக்குவீங்க?"

அவள் பம்பின் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். "இது என் வாசலுக்குன்னு வந்த பம்பு. எனக்காகத்தான் ஊத்து போச்சு. இந்த ஊருல இனி எத்தனை பேரு அந்த ரெண்டு மைலு நடக்கணும். அவியள விட்டுட்டு நான் மட்டும் போயி குழாய் வெள்ளம் குடிக்கவா? குடிச்சா எறங்குமா?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். போன தடவை நடந்ததையும் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. அவள் கண்ணில் நீர் தளும்பியது. ஆனால் மனம் மாறவில்லை. "எண்ணன் கேட்டா வெள்ளம் நல்லாருக்குன்னு சொல்லணும். உள்ளதைச் சொன்னா அவிய வந்து என்னை இழுத்துட்டுப் போயிருவாவ. நீங்க சத்தியம் பண்ணணும்." அவள் நீட்டிய கையில் அடித்துக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் காலையில் பம்பைக் கழற்றி, குழாய்களை அவள் வீட்டுப் பின்புறத்திலேயே போட்டுவிட்டுக் கிளம்பினேன். சுமந்துகொண்டு போக வெட்கமாக இருந்தது. பஸ் வரும் ரோடும் கால்வாயும் ஒரே திசையில்தான். எனக்கு முன்னால் பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள், கடைசியில் செல்லத்தங்கம். ஒருவரும் அவளோடு பேசவில்லை. ஆனால் அவள் நின்று மூச்சு வாங்கியபோதெல்லாம் வரிசை முழுவதும் நின்றது.

ஓரிடத்தில் நான் அவளுடைய குடத்தை வாங்கப் போனேன். "வேண்டாம் எண்ணே, ஆம்பிளை குடம் எடுத்தா ஊரு சிரிக்கும்" என்றாள். ஊர் சிரிக்கிற நிலையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கையை எடுத்துக்கொண்டேன்.

கால்வாய்க் கரையில் இசக்கியம்மை அவள் குடத்தை வாங்கித் தண்ணீரில் அமுக்கி, பாதி நிறைந்ததும் எடுத்து அவள் இடுப்பில் வைத்தாள். செல்லத்தங்கம் குனிந்து பார்த்தாள். "எக்கா, நெறைய விடு. ரெண்டாம் நடை வர எனக்கு முடியாது" என்றாள். இசக்கியம்மை அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு குடத்தை வாங்கி, விளிம்பு வரை நிறைத்துக் கொடுத்தாள். எனக்குப் பின்னால் பஸ் வந்து நின்றது.

திரும்பும் வழியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. கணவாயில் மறுபடி இறக்கிச் சோதித்தார்கள். என் கைகள் காலியாக இருந்தன.

கோயம்புத்தூரில் அண்ணாச்சி மண்டி வாசலுக்கே ஓடி வந்தார். "தங்கச்சிய கூட்டிட்டு வரல்லியா? அப்ப பம்பு சரிவந்தாச்சு, இல்லியா மேஸ்திரி?"

"சரிவந்துருச்சுங்க. தண்ணி வாசல்லயே."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூட்டை தூக்குகிறவர்களைக் கூப்பிட்டு, என் தங்கச்சி இனிக் குடம் தூக்க வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். எனக்குக் காப்பி வரவழைத்தார். குடித்தேன்.

அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கம் நான் போகவில்லை. இரண்டு தெரு சுற்றித்தான் வேலைக்குப் போவேன். அவளுக்குக் குழந்தை பிறந்ததா, தங்கியதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தைரியம் வரவில்லை.

அவளுக்குக் கொடுத்த சத்தியத்துக்காகத்தான் பொய் சொன்னேன் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் சத்தியம் கேட்காமலே இருந்திருந்தாலும், அண்ணாச்சியிடம் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.